இறங்குது

அந்த பிஸ்கட் பொட்டலத்தை அம்மா பையிலேயே திருப்பி வை, தம்பி.

வை. முதலில் வை. கோபம் அப்புறம் படலாம்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா குழாயடிக்குப் போனார். நீ டாக்டர் சீட்டைத் தேடினாய். பையில் கை விட்டாய். பொட்டலம் வந்தது. "இதுனாலதான் சுகர் குறையவே மாட்டேங்குது" என்று முனகினாய். எடுத்து உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். முப்பத்துநாலு வருஷம் பஸ்ஸில் நின்றவன் நான். கண்டக்டராகப் பதினெட்டு, செக்கிங் இன்ஸ்பெக்டராகப் பதினாறு. யார் எதை எங்கே ஒளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு இன்சுலின் ஊசி உண்டா? உண்டு. எதற்கு இந்த பிஸ்கட் என்று கேட்டாயா? கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

வைத்துவிட்டாயா. சரி. உட்கார்.

நேரம் கிடக்கிறது. ஏழு மணிக்கு ரத்தம் எடுப்பதாகப் பலகையில் போட்டிருக்கிறது. இப்போது எட்டேகால். ரத்தம் எடுக்கிறவர் வந்துகொண்டிருக்கிறாராம். ஒரு மணி நேரமாக வந்துகொண்டிருக்கிறார். என் பஸ்ஸாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். வெறும் வயிறு வேறு. பசித்தால்தான் எனக்குப் பேச்சு வரும். மற்ற நேரம் வராது.

அதோ, குழாயடியில் உன் அம்மாவைப் பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாளே, பச்சைச் சேலை, அவள் என் மனைவி. செண்பகவல்லி. நான் செம்பகம் என்பேன். கையை வட்டமாக வைத்துக் காட்டுகிறாள் பார். அது தட்டு. தட்டில் பாதி காய். கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. இந்த ஆஸ்பத்திரியில் மாதக் கடைசிச் சனிக்கிழமை சுகர்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. ஜெபராணி சிஸ்டர் நடத்துவார். புதிதாக வருகிற பெண்களுக்குத் தட்டை வைத்துக் காட்டுவது இப்போது இவள்தான். "எதையும் விட வேணாம்க்கா. அளவை விட வேணாம், அவ்வளவுதான்" என்பாள். அவளுக்குப் பேசத் தெரியும். எனக்குப் பிடிக்கத்தான் தெரியும்.

அவளுக்குச் சுகர் வந்து பதினோரு வருஷம். மாத்திரை கேட்காமல் போய் ஊசிக்கு மாறி மூன்று வருஷம். நான் ரிட்டயர் ஆனதும் அதே சமயம்தான். வீட்டில் இருந்தேன். செக் பண்ண ஒன்றும் இல்லை. அவள் இருந்தாள்.

சிரிக்காதே.

ஊசியை நான்தான் போட்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வலிக்காமல் போடுவேன், அதை அவளே சொல்லுவாள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். கட்டம் போட்டது. காலை இரண்டு இட்லி, சட்னி ஒரு கரண்டி. மதியம் ஒரு கிண்ணம் சோறு. ராத்திரி கேப்பை தோசை ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுவேன். அவள் அல்ல, நான். சீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்தால் வாசலிலேயே கேட்பேன்.

"என்ன சாப்பிட்ட?"

"ஒரு வாய் பாயசம்."

"ஒரு வாயா, ஒரு டம்ளரா?"

"வாயைத் திறந்து காட்டவா? டார்ச் எடுத்துட்டு வாங்க."

அப்படித்தான் பேசுவாள். ஆனால் கேட்டபடி நடந்தாள். முந்நூற்றுப் பத்தில் இருந்தது நூற்று அறுபதுக்கு வந்தது. டாக்டர் கை கொடுத்தார். எனக்கு. வாயைக் கட்டியவள் அவள். கையை நீட்டியவன் நான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுகர் ஏறினால் கெட்டது, குறைந்தால் நல்லது. இதற்கு என்ன படிப்பு வேண்டும்? அவள் வற்புறுத்தி அந்த வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிவந்தாள். சிஸ்டர் சோறு, காய், நடை என்று சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பிறகு, "அடுத்து, சுகர் ரொம்பக் குறைஞ்சா என்ன செய்யணும்னு பார்ப்போம்" என்றார். குறைந்தால் என்ன செய்வது, சந்தோஷப்படுவது என்று நினைத்தேன். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வகுப்பு முடிந்திருந்தது. வழியில் அவள், "நீங்க போன பிறகு சிஸ்டர் முக்கியமா ஒண்ணு சொன்னாக" என்று ஆரம்பித்தாள்.

"குறையணும். அவ்வளவுதானே. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் அதற்குமேல் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்கிறவனிடம் யார் என்ன சொல்ல முடியும்?

இது நடந்து ஒரு பத்து நாள் இருக்கும். தை மாசம். விருதுநகரில் அவள் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. ஆறு நாற்பது பஸ். ஆறேகாலுக்கு ஊசி போட்டேன். அவள் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடுப்பில் இட்லி வேகிறது. என் பஸ் பாஸை அவள் பையில் வைக்கலாம் என்று பையைத் திறந்தேன்.

சரி, பொய் எதற்கு. பாஸ் என் பர்ஸிலேயே இருந்தது. சும்மாதான் திறந்தேன். தினமும் திறப்பேன்.

பையின் பக்கவாட்டுச் சின்ன அறையில் காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தேன். ஆரஞ்சு மிட்டாய். சுளை மாதிரி இருக்குமே, சீனி தூவி, அது. நாலு.

அந்த நேரம் என்ன தோன்றியது தெரியுமா? கோபம் இல்லை. சந்தோஷம். பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். பதினாறு வருஷப் பழக்கம், போகவில்லை.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். டிக்கெட் எடுக்காதவனை ஏறுகிறபோது பிடிக்கக் கூடாது. "இப்பத்தான் சார் ஏறினேன்" என்பான். ஓடுகிற பஸ்ஸில், நாலு பேர் முன்னால் பிடிக்க வேண்டும். அதனால் பொட்டலத்தை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இடது பக்கம். விருதுநகரில் அவள் தங்கச்சி, மச்சான், சம்பந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எடுத்து வைத்து, "உங்க அக்கா என்ன கொண்டு வந்திருக்கான்னு பாருங்க" என்று கேட்க வேண்டும். அதுதான் என் திட்டம். நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்டவளை.

அவள் வந்தாள். "ரெண்டு இட்லி தின்னுட்டு வந்துர்றேன். ஊசி போட்டாச்சுல்ல."

"பஸ் நிக்காது. விருதுநகர்ல போய்ச் சாப்பிட்டுக்கிடலாம்."

"சாப்பிடாம சுகர் குறைஞ்சிருச்சுன்னா?"

"குறைஞ்சா நல்லதுதான."

என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். மாட்டும்போது பக்க அறையின் மேல் ஒரு தட்டு தட்டினாள். திறந்து பார்க்கவில்லை. இருக்கும் என்று நம்பித்தான் பசியோடு பஸ் ஏறினாள். அந்தத் தட்டு இருக்கிறதே, தம்பி, அது இன்னும் என் காதில் கேட்கும். துணியின் மேல் விரல் படுகிற சத்தம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

உன் அம்மா எங்கே? அங்கேதான் நிற்கிறார். பார்த்துக்கொள்.

பஸ்ஸில் நிற்கிற கூட்டம் இல்லை. இரண்டு பேர் ஸீட். அவள் ஜன்னல் பக்கம். வழியில் சாத்தூர், அதற்கப்புறம்தான் விருதுநகர். கொஞ்ச நேரம் தங்கச்சி மகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு நின்றது. கொட்டாவி விட்டாள். தூக்கம் என்று நினைத்தேன். தை மாசக் காற்று ஜன்னலில் குளிருகிறது, இவளுக்கு மேலுதட்டில் வேர்க்கிறது. பார்த்தேன். பார்த்து, சேலை கனம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இறங்குது" என்றாள்.

"இன்னும் சாத்தூரே வரல" என்றேன்.

"இறங்குதுங்க."

"நமக்கு விருதுநகர்டி. ஓடுற பஸ்ல எங்க இறங்குற? உக்காரு."

முப்பத்துநாலு வருஷம் அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான். ஆள் இறங்கும், விசில் கொடுக்கணும். சுகரும் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பையை மடியில் கவிழ்த்தாள். சீப்பு விழுந்தது. கண்ணாடிக் கூடு விழுந்தது. கை நடுங்குகிறது. பக்க அறையைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள்.

"மிட்டாய் இருக்கா? மிட்டாய்... இருக்கா?"

என்னிடம் கேட்கிறாளா, தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாளா தெரியவில்லை. "ஓஹோ, இப்பவே கேக்குதோ" என்றேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பத்திரமாக இருந்தது. அவள் கைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம் இருக்காது.

அப்புறம் ஒன்று சொன்னாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மகளிடம்கூட. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். என்னைத் தெரியாதவள் மாதிரி.

"டிக்கெட் எடுத்தேன் சார். பையிலதான் சார் வச்சிருந்தேன். காணோம் சார்."

இரண்டு தடவை சொன்னாள். சார் என்றாள். கும்பிட்டாள்.

பின்னால் யாரோ சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். "வாயை மூடிட்டு வா" என்றேன். சொன்னேன், தம்பி. அப்படித்தான் சொன்னேன்.

முன் ஸீட்டில் ஒரு பெண் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து இவள் கழுத்தில் கை வைத்தாள். கை நனைந்தது.

"அண்ணாச்சி, அக்காவுக்குச் சுகர் உண்டா?"

"உண்டு."

"ஊசியா?"

"ஆமா."

"காலைல சாப்பிட்டாகளா?"

இட்லி வீட்டில் அடுப்பிலேயே இருந்தது.

"சுகர் கீழ இறங்கிருச்சு அண்ணாச்சி. எங்க மாமனாருக்கு இப்படித்தான் வரும். ஏதாவது இனிப்பு இருந்தா குடுங்க. சீக்கிரம்."

"சுகர்காரிக்கு இனிப்பா? நீ என்ன டாக்டரா?"

"ஆள் போயிரும் அண்ணாச்சி" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு பஸ் முழுவதுக்கும் கேட்கிற மாதிரி, "யார்கிட்டயாவது இனிப்பு இருக்கா? சீனி, மிட்டாய், எதுனாலும்" என்றாள்.

பஸ்ஸில் எல்லோரும் பையைத் திறந்தார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் ஓடி வந்தான், என்னிடம் வேலை பார்த்த பையன், "சார், உங்ககிட்ட எதும் இருக்கா சார்" என்றான்.

இதைக் கவனமாகக் கேள். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நாலு மிட்டாய் எதற்கு என்று புரிந்துவிட்டது. சிஸ்டர் என்ன சொல்லியிருப்பார் என்றும் புரிந்துவிட்டது. கை சட்டைப் பைக்குப் போனது. பொட்டலத்தின் மேல் விரல் இருந்தது. எடுக்கவில்லை.

எப்படி எடுப்பேன்? நாற்பது பேர் பார்க்கிறார்கள். இவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். ஏன் உன் பையில் இருந்தது என்று கேட்பார்கள். அந்தப் பையன் கேட்பான். அரை நிமிஷம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை நிமிஷம் என்றால் உனக்கு ஒன்றுமில்லை. பஸ்காரனுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியும். மூணு ஆளை இறக்கி நாலு ஆளை ஏற்றலாம்.

அதற்குள் அந்தப் பெண் தன் பிள்ளை கையில் இருந்த கலர் சோடா பாட்டிலை வாங்கிவிட்டாள். பாதி இருந்தது. பிள்ளை அழுதது. என் கையைத் தள்ளிவிட்டு இவள் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். "அக்கா, முழுங்குங்க. மெதுவா. இன்னும் ஒரு மடக்கு." இவள் குடித்தாள். பாதி வாய்க்குள், பாதி சேலைமேல்.

சாத்தூர் வருவதற்குள் கண் தெளிந்துவிட்டது. "எதுக்கு எல்லாரும் நிக்கிறாக?" என்று கேட்டாள். பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுக்கவில்லை. இறங்கும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அங்கே டாக்டர் சின்ன வயசு அம்மா. விரலில் குத்திப் பார்த்தார். அவ்வளவு குடித்த பிறகும் ஐம்பத்தெட்டு. "ஊசி போட்டுட்டு சாப்பிடாம வரலாமா? கையில இனிப்பு வச்சுக்கணும்னு யாரும் சொல்லலையா?" என்றார்.

செம்பகம் படுத்தபடி சொன்னாள். "சொன்னாகம்மா. வச்சிருந்தேன். நாலு மிட்டாய். எங்க போச்சுன்னு தெரியல."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவளுக்கு மறதி ஜாஸ்தி."

அது நானாக யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை. அவள் கூரையைப் பார்த்தாள். "ஆமா. மறந்துட்டேன் போல" என்றாள்.

வளைகாப்புக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பொட்டலத்தைக் காலையில் எடுத்து எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பையைத் துழாவினேன். ஒன்றும் இல்லை. கரைந்துபோயிருக்கும், காலண்டர் தாளும் நைந்துபோயிருக்கும், நல்லது என்று விட்டுவிட்டேன். இதோ, இந்தச் சட்டைதான். பையின் அடியில் இந்த மஞ்சள் கறை எப்படி வந்தது என்று தெரியவில்லை. டீயாக இருக்கும்.

மூன்றாம் நாள் காலை நான் வெளியே கிளம்பும்போது அவள் வந்தாள். காலண்டர் தாளில் மடித்த பொட்டலம். என் சட்டைப் பையில் போட்டாள். இடது பக்கம்.

"என்ன இது?"

"நாலு மிட்டாய். சிஸ்டர் சொல்லியிருக்காக, சுகர் இறங்கினா உடனே வாயில போடணும். கடலைமிட்டாய் கூடாதாம், அது மெதுவாத்தான் ஏறுமாம். இது என்கிட்ட இருந்தா மறந்துருவேன். உங்ககிட்டயே இருக்கட்டும்."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறதி என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள், பாவம். தாலி கட்டின நாள் முதல் ஒரு சாவியைத் தொலைத்ததில்லை அவள். ஒரு பண்டிகைத் தேதி மறந்ததில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னேன், தன்னை மறதிக்காரி என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அந்தத் தாளை பிரிட்ஜில் இருந்து கிழித்துவிட்டேன். சீனி டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதை அவள் தொடுவதும் இல்லை. பூட்டு இருந்தபோதும் தொட்டிருக்க மாட்டாள் என்று இப்போது தெரிகிறது. ஊசி போட்டால் தட்டு முன்னால் வந்த பிறகுதான் போடுவேன். பஸ் போனால் போகட்டும். கடைசிச் சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டு வருஷமாகப் போகிறேன். முழுசாக உட்காருகிறேன். போன வருஷம் எனக்கும் சுகர் வந்துவிட்டது, மாத்திரைதான். பாதித் தட்டு காய் எனக்கும் உண்டு. முன்பு அவளுக்கு அளந்து வைத்தேனே, அதைவிட வயிறு நிறையச் சாப்பிடுகிறோம் இருவரும். நான் போட்ட பட்டியலில் அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். கிழித்த தாளை வகுப்பில் காட்டினேன், சிஸ்டர் பார்த்துவிட்டு, "இது யாரு எழுதினது, ஜெயில்லயா?" என்று கேட்டார்.

வெளியே கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் கேட் பக்கத்தில் நின்று கேட்பாள்.

"இருக்கா?"

"இருக்கு" என்பேன்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அது ஒவ்வொன்றும் எனக்கு அந்த பஸ்தான். அன்றைக்கும் அதைத்தான் கேட்டாள். இருக்கா என்றாள். இருக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்ல வேண்டிய நாளில் சொல்லாத ஒரு சொல்லை.

அவளிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை பார்த்தேன். சேலை எடுத்துக் கொடுத்தேன், இந்தப் பச்சைதான், கொடுக்கும்போது சொல்லலாம் என்று. "என்ன விசேஷம்?" என்றாள். "சும்மா" என்றேன். ஊசி போடும்போது சொல்லலாம் என்று பார்ப்பேன். கை நடுங்கினால் அவளுக்கு வலிக்கும். இரண்டு வார்த்தைதான். அன்னைக்கும் இருந்துச்சு. முன்பின் தெரியாத உன்னிடம் இவ்வளவு சொல்லிவிட்டேன், அவளிடம் இரண்டு வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

பயமா என்று கேட்கிறாயா? ஆமாம். அரை நிமிஷம் உக்காந்திருந்தீகளே என்று கேட்டுவிட்டால்?

அதோ வருகிறாள். எழுந்து இடம் கொடு. கொஞ்சம் நகரு.

இரு. நடை சரியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் பார். மேலுதட்டைப் பார். ராத்திரி போட்ட ஊசி, காலையில் இருந்து வெறும் வயிறு, எட்டரை மணி வரைக்கும் நிற்க வைத்துவிட்டார்கள்.

"ஏங்க. இருக்கா?"

"இருக்கு. உக்காரு. வாயைத் திற. இந்தா ரெண்டு, ரெண்டையும் போடு, கடிச்சு முழுங்கு."

"ரத்தம் எடுக்கலயே இன்னும்."

"எடுக்காட்டிப் போகட்டும்."

என்ன ஐயா, வரிசையில் இருக்கிற உங்களுக்கு என்ன? டெஸ்ட் கெட்டுப்போகுமா? கெடட்டும். நாளைக்கு வருகிறோம், நாளை மறுநாள் வருகிறோம். உங்கள் நம்பர் வந்தால் நீங்கள் போங்கள். தம்பி, உள்ளே போய் ஜெபராணி சிஸ்டரைக் கூப்பிடு, சுகர் பார்க்கிற மெஷினோடு வரச் சொல். அப்படியே உன் அம்மாவையும் பார், அவரும் வெறும் வயிறுதான். பையில் பொட்டலம் இருக்கிறதல்லவா. போ.

வந்துவிட்டாயா. சிஸ்டர் வருகிறாராம், சரி.

"செம்பகம். எப்படி இருக்கு?"

"இருக்கேன். நடுக்கம் நிக்கல. இன்னொண்ணு குடுங்க."

"இந்தா. ... செம்பகம்."

"ம்."

"அன்னைக்கும் இருந்துச்சு."

"எது?"

"மிட்டாய். சாத்தூர் போற பஸ்ல. என் பையில."

"தெரியும்."

"தெரியுமா?"

"சட்டையைத் துவைச்சது யாரு? ஒண்ணு உருகி ஒட்டியிருந்துச்சு. மூணு நாள் தேய்ச்சேன். கறை போகல."

"கேக்கலயே நீ."

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

கேட்டாயா, தம்பி.

போ, உன் அம்மா பக்கத்தில் உட்கார். மணி என்ன? எட்டு நாற்பது. மிட்டாய் போட்டால் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்க்க வேண்டும், ஏறியிருக்கிறதா என்று. நான் டீ குடிக்கப் போன அன்றைக்குச் சொன்ன பாடம் அது. எட்டு ஐம்பத்தைந்து வரைக்கும் நான் இங்கே இருக்கிறேன்.